ராமலிங்கம் தாண்டி மேல ஏறினா... (வாசகர் கேள்வி பதில்)

போன மாசம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது அருணாச்சலப் பிரதேசத்துல பறவை பாக்கப் போற ஈகிள்நெஸ்ட் சரணாலயக் காட்டைப் பத்தி நாலே நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் இந்தப் பகுதிக்கு வேற எந்த விஷயத்துக்கும் வந்ததில்ல. மயூர் விஹார், ஆர்.கே.புரம், ஜனக்புரி, துவாரகா, நொய்டான்னு டெல்லியைச் சுத்தி இருக்குற நம்ம ஜனங்க அத்தனை பேரும் கேட்டிருக்கீங்க. அதனால இந்தத் தடவை மொத்தப் பக்கமும் அந்த மலைக்குத்தான்.

டெல்லிலேருந்து எப்படிப் போறது அக்கா? பெர்மிட் எல்லாம் வேணுமாமே? — ஜனக்புரி வாசகர்

வேணும் சார். அருணாச்சலத்துக்குள்ள நுழையணும்னா வெளி மாநிலத்துக்காரங்க எல்லாருக்கும் இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம், ஆன்லைன்லயே அப்ளை பண்ணிடலாம், அதைப் பிரிண்ட் எடுத்து ரெண்டு காப்பி பையில வெச்சுக்குங்க ஏன்னா செக்போஸ்ட் கிட்ட போய் நிக்கும்போது போன்ல சிக்னல் இல்லன்னா கஷ்டமாயிடும். சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி தனி, அதை அங்க கேம்ப் நடத்துறவங்களே வாங்கிக் குடுத்துடுவாங்க.

டெல்லிலேருந்து குவாஹாட்டி ஃபிளைட்ல ரெண்டரை மணி நேரம். அங்கேருந்து தேஜ்பூர் வழியா பிரம்மபுத்திராவைத் தாண்டி பாலிபாரா, பாலுக்போங். பாலுக்போங்லதான் அந்த பெர்மிட்டைப் பாப்பாங்க. ஒரே மூச்சுல போகாதீங்க, தேஜ்பூர் பக்கம் இல்லன்னா நாமேரி காட்டு ஓரத்துல ஒரு ராத்திரி தங்கிட்டுக் காலைல கிளம்புங்க. பாலுக்போங் தாண்டினதும் மலை ஆரம்பிச்சுடும், டெங்கான்னு மிலிட்டரி ஊர் ஒண்ணு வரும், அங்கேருந்து திரும்பி மேல ஏறினா ராமலிங்கம்னு ஒரு இடம். ஆமா, ராமலிங்கம்தான். இமயமலைல மேகத்துக்கு நடுவுல அந்தப் பேரை டிரைவர் சொல்லிக் கேட்டப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அதையும் தாண்டி மேல போனா லாமா கேம்ப், 2350 மீட்டர்.

ஈகிள்நெஸ்ட்ங்கிற பேரும் கழுகுக் கூட்டைப் பாத்து வெச்சதில்ல, 1950-கள்ல அங்க இருந்த நம்ம ராணுவத்தோட நாலாவது டிவிஷனுக்கு ரெட் ஈகிள்னு பேர், அதுலேருந்து வந்தது.

எனக்கு 63 வயசு, முட்டி வலி. மலை ஏறணும்னா முடியாது. ஆனா ஆசையா இருக்கு. — மயூர் விஹார் வாசகி

அம்மா, நீங்க தாராளமா போகலாம், இதை நான் சும்மா தைரியம் சொல்றதுக்காகச் சொல்லல. அங்க பறவை பாக்குறது எல்லாமே ரோட்டு மேலதான். காட்டுக்கு நடுவுல ஒரே ஒரு மண் ரோடு, ராணுவம் போட்டது, ஜீப் உங்களை மேல கொண்டு போய் விடும், நீங்க மெதுவா நடந்து வருவீங்க, ஜீப் பின்னாடியே வரும், முட்டி வலிச்சா ஏறி உக்காந்துக்கலாம். இறக்கத்துலதான் முட்டிக்கு வேலை ஜாஸ்தி, அதனால ஒரு கைத்தடி எடுத்துட்டுப் போங்க, இறக்கம் ரொம்பச் செங்குத்தா இருக்குற இடத்துல வண்டியிலயே வந்துடுங்க.

அந்த ரோட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அந்த இடத்தோட விசேஷமே அதுதான். லாமா கேம்ப்லேருந்து ஏறி 2800 மீட்டர்ல ஈகிள்நெஸ்ட் கணவாய், அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா 1940 மீட்டர்ல பொம்ப்பு கேம்ப், இன்னும் இறங்கினா 1250-ல செஸ்னி, அப்புறம் 700 வாக்குல கெல்லாங். மேட்டுப்பாளையத்துலேருந்து ஊட்டிக்குப் போயிருப்பீங்கல்ல, பர்லியார்ல பாக்கு மரமும் பலா மரமும், குன்னூர் வந்ததும் தேயிலை, ஊட்டில சோலைன்னு ஒரு காலைக்குள்ள மூணு ஊர் பாத்த மாதிரி இருக்கும். இங்கயும் அதேதான், ஆனா காடு எங்கயுமே அறுபடாம இருக்கு. கணவாய் கிட்ட மூங்கிலும் ரோடோடெண்ட்ரானும் இருக்குற இடத்துல பாத்த பறவையை பொம்ப்புல பாக்க மாட்டீங்க, பொம்ப்புல பாத்ததை கெல்லாங்ல பாக்க மாட்டீங்க. ஒவ்வொரு பறவைக்கும் இந்த உயரத்துலேருந்து இந்த உயரம் வரைக்கும்னு ஒரு எல்லை இருக்கு. குளிர்காலத்துல மேல இருக்குறதுல நிறைய கீழ இறங்கிடும், வெயில் வந்ததும் மறுபடி ஏறிடும்.

அதனால என்ன பண்ணணும்னா ஒரு இடத்துல ரெண்டு ராத்திரி, மூணு ராத்திரி இருக்கணும். நான் முதல் தடவை போனது டெல்லில ஒரு டூர்க்காரங்க மூலமா, ஆறு நாள்ல மூணு மாவட்டம்னு ஓடினாங்க, ஜீப்புக்குள்ளயே பொழுது போச்சு, பறவையோட பேரு லிஸ்ட்ல ஏறுச்சே தவிர ஒண்ணையும் நின்னு பாத்த ஞாபகம் இல்ல, அந்தப் பணத்தை நெனச்சு இன்னிக்கும் எனக்கு ஆத்தாமையா இருக்கு. ரெண்டாவது தடவை லாமாவுல மூணு ராத்திரி, பொம்ப்புல நாலு ராத்திரி. அதுதான் பயணம்.

இன்னொண்ணு, பெண்களுக்காகச் சொல்றேன், ரோட்டுல நடக்கும்போது டாய்லெட் கிடையாது, கேம்ப்ல உண்டு. ஒரு குடையும் ஒரு பெரிய துப்பட்டாவும் கைல வெச்சுக்குங்க, கூட வர்ற வழிகாட்டிப் பையன்கள் ரொம்ப மரியாதையானவங்க, சொன்னா முன்னாடி நடந்து போயிடுவாங்க.

நான் பத்தாவது படிக்கிறேன். இந்தியால இனிமே புதுப் பறவை கண்டுபிடிக்க முடியுமா? — ஆர்.கே.புரம் மாணவர்

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையா காத்துட்டு இருந்தேன், ஏன்னா அது நடந்ததே இந்த மலைலதான்.

1995 ஜனவரில ரமணா ஆத்ரேயாங்கிறவர் ஈகிள்நெஸ்ட் பக்கம் ரெண்டு பறவையைப் பாத்தார், எந்தப் புத்தகத்துலயும் அது இல்ல. அவர் பறவை விஞ்ஞானி கூடக் கிடையாது, வானியல்காரர், நட்சத்திரத்தை ஆராய்ச்சி பண்றவர். திரும்பத் திரும்பப் போயிட்டே இருந்தார். பதினோரு வருஷம் கழிச்சு 2006 மே மாசம்தான் அது வலைல கிடைச்சது. இப்ப நீ கவனிக்க வேண்டிய இடம் வருது. புது இனம்னு உலகத்துக்குச் சொல்லணும்னா ஒரு பறவையைக் கொன்னு பாடம் பண்ணி மியூசியத்துல வெக்கிறதுதான் காலம் காலமா வழக்கம். ஆனா அவர் கண்ணுல பட்டதே பத்துப் பதினைஞ்சு பறவைதான், அதுல ஒண்ணு போனாலும் அந்த இனத்துக்கே நஷ்டம்னு கொல்லலை. அளவு எடுத்தார், போட்டோ எடுத்தார், வலைல உதிர்ந்த இறகை எடுத்து வெச்சார், பறவையைப் பறக்க விட்டுட்டார். அந்த இறகையும் குறிப்பையும் வெச்சே அது புது இனம்னு ஏத்துக்கிட்டாங்க. அந்த மலைல வாழுற புகுன் ஜனங்க பேரையே வெச்சு புகுன் லியோசிக்லான்னு பேரு.

சிரிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த பறவை, மைனா அளவுதான் இருக்கும், உடம்பு பாசி கலந்த சாம்பல், தலைல கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னாடி ஒரு மஞ்சள் பொட்டு, இறக்கைல மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும். இதுவரைக்கும் ஜனங்க பாத்ததா சொல்றது மொத்தமே இருபது வாக்குலதான், அழிவோட விளிம்புலன்னு உலக அளவுல பட்டியல் போட்டிருக்காங்க.

அது எங்க இருக்கு தெரியுமா? சரணாலயத்துக்குள்ள மட்டும் இல்ல, பெரும்பாலும் அதுக்கு வெளில, லாமா கேம்ப்பைச் சுத்தி, புகுன் ஊர்க்காரங்களோட சொந்தக் காட்டுல. சரணாலயம் சர்க்காரோடது, இது ஊரோடது. அந்தப் பக்கம் எல்லாம் ஒரு காலத்துல மரம் வெட்டுறதுதான் வருமானம், 1996-ல சுப்ரீம் கோர்ட் மரம் வெட்டத் தடை போட்டதும் வடகிழக்குல நிறைய குடும்பத்துக்கு வேலை போச்சு. அப்படிப்பட்ட இடத்துல சிங்சுங் கிராமத்து ஜனங்க 2017-ல அவங்க காட்டுலேருந்து 17 சதுர கிலோமீட்டரை இந்தப் பறவைக்காகவும் காட்டுக்காகவும் சமூகக் காப்பகமா அறிவிக்க ஒத்துக்கிட்டாங்க. ஊர்ப் பசங்களே ரோந்து போறாங்க. அடுத்த வருஷம் அதுக்கு இந்திய பல்லுயிர் விருது கிடைச்சது. சொந்த நிலத்தை யாரும் அவ்வளவு சுலபமா விட்டுக் குடுக்க மாட்டாங்க தம்பி, நம்ம ஊர்ல ஒரு சென்ட் வரப்புக்கு எத்தனை சண்டைன்னு உன் தாத்தாவைக் கேட்டுப் பாரு.

அதனால உன் கேள்விக்குப் பதில், முடியும். ஆனா ஒரே இடத்துக்குப் பதினோரு வருஷம் திரும்பத் திரும்பப் போகணும், பாத்ததை நோட்டுல எழுதணும்.

பறவை குரலை மொபைல்ல போட்டா பக்கத்துல வந்து உக்காருதே, அதுல என்ன தப்பு? — குர்கான் வாசகர்

தப்புதான் சார், கோவிச்சுக்காதீங்க. ஏப்ரல் மே மாசம் கூடு கட்டுற காலம், ஆண் பறவை பாடுறது இது என் இடம்னு சொல்றதுக்காக. நீங்க ரெக்கார்டிங் போட்டதும் எவனோ ஒருத்தன் இடத்தைப் பிடிக்க வந்துட்டான்னு நெனச்சு இரை தேடுறதையும் கூட்டையும் விட்டுட்டு சண்டைக்கு ஓடி வருது. ஒரு தடவை வந்தா பரவாயில்லன்னு தோணும், ஆனா காலைல உங்க ஜீப், பத்து மணிக்கு இன்னொரு ஜீப், சாயங்காலம் இன்னொண்ணுன்னு சீசன் பூரா நடந்தா அது எப்ப குஞ்சுக்கு ஊட்டும்? அதுவும் மொத்தமே இருபது இருக்குற பறவைக்கிட்ட இதைப் பண்றது எந்த நியாயத்துலயும் சேராது. என்னோட முதல் பயணத்துல எங்க கோஷ்டில ஒருத்தர் ஸ்பீக்கரே கொண்டு வந்திருந்தார், நான் வாயைத் திறக்கலை, அது இன்னிக்கும் மனசுல உறுத்துது. இப்பல்லாம் முன்கூட்டியே கேட்டுடுறேன், ஸ்பீக்கர் உண்டுன்னா நான் வரலைன்னு சொல்லிடுறேன்.

கூட்டைப் போட்டோ எடுத்து இடத்தோட சேத்து வெளில போடுறதும் வேண்டாம்.

அதுக்குப் பதிலா சும்மா நில்லுங்க. அந்தக் காட்டுல அரை மணி நேரம் ஒண்ணுமே இருக்காது, இலை கூட அசையாது, திடீர்னு ஒரு கூட்டம் வரும் பாருங்க, ஒரே இனம் இல்ல, பத்துப் பதினைஞ்சு இனம் சேந்து வரும். அடில புதர்ல சிலம்பன் வகை, நடுவுல குட்டிக் குட்டிப் பறவைங்க இலை இலையா திருப்பிப் பாத்துட்டு, மரத்தண்டுல பசை எடுப்பான் தலைகீழா, உச்சில கரிச்சான். ஒண்ணு கிளப்புற பூச்சியை இன்னொண்ணு பிடிக்கும், வல்லூறு வந்தா யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டுடும், உடனே எச்சரிக்கைக் குரல், எல்லாருக்கும் காவல். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அப்படியே ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கப் பள்ளத்துல போயிடும். அதுல ஒரு தடவை எனக்கு வார்டு தீக்காக்கை கிடைச்சது, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை தீக்காக்கைக்கு உறவுக்காரன், ரோஜா கலந்த சிவப்புல அசையாம உக்காந்திருந்தது, எங்க வழிகாட்டிப் பையன் மூச்சு விடாம விரலை மட்டும் நீட்டினான்.

சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றது? — கரோல் பாக் வாசகி

சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை, ரொட்டி எல்லாம் சூடா கிடைக்கும், முன்னாடியே சொல்லிடுங்க. அங்க ஒவ்வொரு காய்கறியும் கீழேருந்து ஜீப்புல ஏறி வர்றது, அதனால வீணாக்காதீங்க. முனிர்க்கா கடைல பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் வாங்கிட்டுப் போனேன், கேம்ப்ல சமைக்கிற தம்பிக்குப் புளிக்காய்ச்சல் ரொம்பப் பிடிச்சுப் போய் பாட்டிலையே குடுத்துட்டு வந்தேன். பிளாஸ்டிக் கவர் அத்தனையும் திருப்பி எடுத்துட்டு வந்துடணும்.

லாமாவுல ராத்திரி நல்ல குளிர், கம்பளி வேணும். கீழ செஸ்னி பக்கம் இறங்கினா அட்டை, அப்புறம் டிம்டாம்னு ஒரு சின்ன ஈ, கடிச்சா ஒரு வாரம் அரிக்கும், முழுக்கை சட்டை போடுங்க. கீழ்ப் பகுதில மலேரியா உண்டு, கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துக் கேட்டுக்கிறது நல்லது.

எந்த பைனாகுலர் வாங்கலாம்? ஜூம் அதிகமா இருந்தா நல்லதுதானே? — நொய்டா வாசகர்

இல்ல தம்பி. 8x42 வாங்குங்க. 8-ங்கிறது எத்தனை மடங்கு பக்கத்துல காட்டும்னு, 42 முன் கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. 42-ஐ 8-ஆல வகுத்தா அஞ்சேகால், அவ்வளவு அகலத்துக்கு வெளிச்சம் உங்க கண்ணுக்கு வரும். 10x42-ன்னா நாலு சொச்சம்தான். டெல்லி ஓக்லா சரணாலயத்து வெட்டவெளில வித்தியாசம் தெரியாது, ஆனா மேகம் இறங்கின காட்டுல காலைல அஞ்சு மணிக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான் பறவையா நிழலான்னு முடிவு பண்ணும். மடங்கு கூடக் கூட கை நடுங்குறதும் கூடும். 20 மடங்கு, 30 மடங்குன்னு போட்டு ரோட்டோரத்துல விக்கிறதை எல்லாம் தொடவே தொடாதீங்க.

அஞ்சு மணின்னு சொன்னேன்ல, அது நிஜம். நாட்டோட கிழக்கு மூலைல இருக்கு, கடிகாரம் மட்டும் நம்மளோடது, ஏப்ரல் கடைசில அஞ்சுக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடும், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இருட்டிடும். ராத்திரி எட்டுக்குப் படுத்துடுங்க.

இருபது சென்டிமீட்டர் பறவைக்காக இவ்வளவு செலவு பண்ணி அவ்வளவு தூரம் போகணுமா? ஓக்லாவுல இல்லாததா? — ரோஹிணி வாசகர்

சார், நீங்க கேட்டது நியாயமான கேள்வி, பாதிக்கு நான் உங்க கட்சிதான். டெல்லில ஒரு வருஷம் பாக்காம நேரா அருணாச்சலம் போறவங்களுக்கு அங்க எல்லாமே குட்டிப் பழுப்புப் பறவையாத்தான் தெரியும். மெஜந்தா லைன்ல ஓக்லா பறவைகள் சரணாலயம்னு ஸ்டேஷனே இருக்கு, குளிர்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போங்க. நிகம்போத் காட் பக்கம் யமுனைல வடக்கேருந்து வர்ற கடற்காக்கைங்க ஆயிரக்கணக்குல பறக்கும். லோதி கார்டன்ல சாம்பல் இருவாச்சி நம்ம தலைக்கு மேலயே அத்திப்பழம் தின்னும். இதெல்லாம் ஒரு வருஷம் பாத்து, குரலைக் கேட்டு, நோட்டுல எழுதிட்டு அப்புறம் போங்க.

ஆனா போகவே வேண்டாம்னு சொல்லாதீங்க. நீங்க குடுக்குற பணத்துல ஊர்க்காரங்களுக்கு சம்பளம் கிடைக்குது, வழிகாட்டி, டிரைவர், சமையல்னு. மரம் விழாம அங்கேருந்து ஒரு வருமானம் வர்றது அந்தக் கிராமத்துக்கு ரொம்ப முக்கியம். அதனால டூர் புக் பண்ணும்போது நான் மூணு கேள்விதான் கேப்பேன், வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, கேம்ப் யார் நடத்துறாங்க, ஊருக்கு எவ்வளவு போகுது. மழுப்பினா வேற ஆளைப் பாருங்க.

புலி, யானை ஏதாவது பாக்கலாமா? பசங்க கேக்குறாங்க. — துவாரகா வாசகர்

கார்பெட் மாதிரி எதிர்பாத்துப் போகாதீங்க, காடு அவ்வளவு அடர்த்தி. யானை அந்த ரோட்டுலயே நடக்கும், வெயில் காலத்துல மலை முதுகு வரைக்கும் ஏறிடும், சூடான சாணியைப் பாத்தா வழிகாட்டி உங்களை வண்டியில ஏத்திடுவார், மறு பேச்சு பேசாம ஏறிடுங்க. அருணாச்சலக் குரங்கு கண்ணுல படலாம், அந்தக் குரங்கே 2005-லதான் விஞ்ஞானத்துக்கு அறிமுகம்.

பசங்களுக்கு இருவாச்சி கதை சொல்லுங்க. பொண்ணு மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும், ஒரு சின்னக் கீத்து மட்டும் விட்டிருக்கும், ஆண் நாள் பூரா பழம் கொண்டு வந்து அந்த வழியா ஊட்டும். அந்த ஆணை யாராவது சுட்டா உள்ள இருக்குற தாயும் குஞ்சும் பட்டினி. பக்கத்துல பக்கே காட்டுல நிஷி ஜனங்க தலை அலங்காரத்துக்கு இருவாச்சி அலகு வெக்கிறது வழக்கம், இப்ப நிறைய பேர் ஃபைபர் அலகு வெச்சுக்கிறாங்க, ஊர்க்காரங்களே கூடுகளுக்குக் காவல் இருக்காங்க.

தீபாவளி லீவுல போகலாமா? — லக்ஷ்மி நகர் வாசகி

நவம்பர் நல்ல மாசம்தான், வானம் தெளிவா இருக்கும், பாட்டு மட்டும் குறைச்சல். ஜூன்லேருந்து செப்டம்பர் வேண்டவே வேண்டாம், மண்ணு சரியும். நவம்பர்னா நாகாலாந்துல டோயாங் அணைக்கட்டுப் பக்கம் பாங்டி கிராமத்தையும் யோசிங்க. அமூர் வல்லூறுங்க சைபீரியா பக்கத்துலேருந்து தென் ஆப்பிரிக்காவுக்குப் போற வழில லட்சக்கணக்குல அங்க இறங்கும். 2012-ல வலை போட்டுப் பிடிச்சு வித்த அதே ஊர், அடுத்த சீசன்ல ஒண்ணைக் கூடப் பிடிக்கலை. 2013-ல மூணு பறவைக்கு சாட்டிலைட் கருவி மாட்டி நாகா, வோக்கா, பாங்டின்னு பேரு வெச்சாங்க, அரபிக்கடலை நிக்காம தாண்டிப் போச்சுங்க.

லியோசிக்லாவை நீங்க பாத்தீங்களா அக்கா? — பல பேர்

ரெண்டு தடவை போயும் பாக்கலை. ரெண்டாவது பயணத்துல லாமா கேம்ப்புக்குக் கீழ மூணு காலை நின்னேன், மூணாவது நாள் மழைத்தூறல்ல கீழ்ப் பக்கத்துலேருந்து புல்லாங்குழல் மாதிரி சுருதி இறங்கிட்டே போற ஒரு குரல் கேட்டது. வழிகாட்டிப் பையன், சிங்சுங்க்காரன், அதுதான்னு தலையாட்டினான். மேகம் மூடிடுச்சு. வர்ற ஏப்ரல் ரெண்டாவது வாரம் மறுபடி போறேன், ஜீப்ல இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, ஸ்பீக்கர் கொண்டு வராதவங்க பத்திரிகை முகவரிக்கு எழுதுங்க.